ஈரச் சேலையோடு ஓடிய கதை

போடிக்குப் போகிற ரயிலுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. 1979ஆம் வருஷம், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரையில் ஏறி உட்கார்ந்தேன். தொண்ணூறு கிலோமீட்டர்தான் தூரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சு வாங்கிய வாங்கலைப் பார்த்து, இறங்கிப் பின்னாலிருந்து தள்ளலாமா என்று எனக்கே தோன்றியது. எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பயப்படாதீக தாயி, இது நடந்து போறவனுக்குப் பேச்சுத் துணைக்கு விட்ட ரயிலு” என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தேனி தாண்டியதும் ஜன்னல் நிறைய மலை வந்துவிட்டது. உச்சியில் மேகம், அடிவாரத்தில் வெயில். போடி நாயக்கனூர் நிலையத்தில் தண்டவாளம் முடிகிறது. அதற்கு மேல் போக வேண்டுமானால் ஜீப்பு, பஸ்சு, இல்லையென்றால் கால்.

நான் போனது ஊர் பார்க்க இல்லை. என் பெரியம்மா மகள் ராசம்மா அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். அவளுடைய ஒரே மகள் ராணி, போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிற அந்தோணியைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் சம்மதம் இல்லாமல் நடந்த கல்யாணம். அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ராணிக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தாய் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், மகள் வாயில் ஊட்டி, கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். “தனியாப் போனா வாசல்லயே நிக்க வச்சிருவா. நீ வந்தா ஒன் மொகத்துக்காச்சும் உள்ள விடுவா” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வெளியூர் கால் இணைத்துவிடுகிற ஆபரேட்டர் வேலை. செவ்வாய்க்கிழமை காலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கணக்கில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்காவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற சோலி. மலையிலிருந்து காய்ந்து வரும் காயைத் தரையில் குவித்து, நாற்பது பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பச்சை, வெளுப்பு, வெடிப்பு என்று கையால் பிரிப்பார்கள். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அந்த வாசத்தில் எல்லோருக்கும் கண் சொக்கும். அப்போது யாராவது கதை சொல்ல வேண்டும். ராஜா ராணிக் கதை இல்லை, அவரவர் வீட்டுக் கதைதான். மாமியார் சண்டை, காணாமல் போன ஆடு, புருஷன் குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது, எல்லாம் வரும். கதை சொல்பவளுக்கு ‘ம்’ கொட்ட ஒருத்தி. மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. “அடுத்தவ கதைக்கு வாலு ஒட்டாதே” என்பது அங்கே சட்டம்.

அந்த நாற்பது பேரில் ராசம்மா அக்காதான் கெட்டிக்காரி. அவள் வாயைத் திறந்தால் ஒருத்தியும் தூங்க மாட்டாள். கேட்பவர்கள் எங்கே சிரிக்கிறார்களோ அங்கே இன்னும் கொஞ்சம் இழுப்பாள். எங்கே சத்தம் அடங்குகிறதோ அந்த இடத்தைத் தாண்டிக் குதிப்பாள். அங்கே சத்தம் அடங்கினால் தூக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். கணக்கப்பிள்ளையே வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கட்டுச்சோற்றுக்கு. நான் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தானாகவே ஆரம்பித்தாள்.

“ஒனக்கு முழுசாத் தெரியாதுடி. அன்னிக்கு அவ, ‘அந்தோணியத்தான் கட்டுவேன்’னு சொல்லிட்டு மத்தியானம் வீட்ட விட்டு எறங்கிட்டா. நான் நேரா ஆத்துக்குப் போனேன். ‘எனக்கு மக இல்ல, செத்துப்போனா’ன்னு சொல்லி மூணு முங்கு முங்குனேன். தலை முழுகிட்டேன். ரெண்டாவது முங்கு வரைக்கும் கோவந்தான். மூணாவது முங்குல மூக்குல தண்ணி ஏறிப்போச்சு.”

கரைத்த புளியை வடிகட்டினாள்.

“சின்னப்பிள்ளையில அவளுக்கு அதே படித்துறையிலதான் தலைக்கு ஊத்துவேன். மூக்குல தண்ணி போனா அழுவான்னு நெத்தியில கைய அணைகட்டிப் பிடிச்சுக்குவேன். அந்த நெனப்பு வந்துருச்சு. அடி பாவி, உசுரோட இருக்கிற பிள்ளைக்கா தலை முழுகினேன்னு எந்திரிச்சு ஓடுனேன். பஸ் ஸ்டாண்டுக்கு. ஈரச் சேல கால்ல சுத்துது. ஒரு குச்சி ஐஸ்காரன் பாவம் பாத்து சைக்கிள் முன்னாடி உக்கார வச்சான். அவன் மணியடிச்சா பிள்ளைகள்லாம் ஐஸுன்னு பின்னாலேயே ஓடியாறாக. போயி எறங்குனா பஸ்சு போயிருச்சு. நின்னிருந்தா நானும் ஏறியிருப்பேன்டி. அந்தோணியோ எவனோ, ஒம் புருஷன் எனக்கும் மகன்னு சொல்லிட்டு அவகூடவே போயிருப்பேன். சேல காயிற வரைக்கும் அங்கேயே நின்னேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் சமாளித்தேன்.

“இது ராணிக்குத் தெரியுமாக்கா?”

“தலை முழுகினது மட்டும் எவளோ போய்ச் சொல்லிட்டா. ஓடியாந்தத யாரும் சொல்லல. அதச் சொல்லத்தான நாளைக்குப் போறது.”

“இப்படியே சொல்லுக்கா. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

“இப்படியேவா?” அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். “இதுல என்னடி இருக்கு? கேக்குறவ தூங்கிப் போவா.”

திங்கட்கிழமை காலை ஆறு மணி. தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பு தெருமுனையில் நின்றது. ஆளுக்கு இரண்டு ரூபாய். உள்ளே ஏற்கெனவே பன்னிரண்டு பேர். டிரைவர் கருப்பையா, “ஏறுங்கக்கா. ஜீப்பு ரப்பரு மாதிரி, இழுத்தா நீளும்” என்றார். அக்கா சோற்றுத் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏற, என்னை முன்னால் ஒரு கோணிச் சாக்கின் மேல் உட்கார வைத்தார்கள். முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மேலே போடிமெட்டு வரை பதினேழு ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் இருப்பவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து, “யாத்தே!” என்று ஒரே குரலில் கத்தினார்கள். கீழே போடி ஊர் சின்னதாகிக்கொண்டே போனது.

“ராசம்மாக்கா, கட்டுச்சோறா? மகளோட ராசியாயிட்டியா?” என்று தலையில் மஞ்சள் துண்டு கட்டிய ஒருத்தி கேட்டாள். அவள் பெயர் முத்துப்பேச்சி. ராணி இருக்கிற அதே தோட்டத்தில்தான் அவளுக்கும் வேலை.

அவ்வளவுதான், அக்கா ஆரம்பித்துவிட்டாள். ஒத்திகை பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்து நானும் காதைக் கொடுத்தேன். முத்துப்பேச்சி ‘ம்’ கொட்டினாள். முதல் முங்கு, இரண்டாவது முங்கு. மூன்றாவது முங்குக்கு வந்ததும் ஜீப்புக்குள் பேச்சு மூச்சு இல்லை. அது துக்கத்தில் வந்த அமைதி. அக்காவுக்கோ அமைதி என்றாலே பயம். நெற்றியில் கை வைத்த கதையை விட்டுவிட்டு, ஒரே தாவலாக ஐஸ்காரனிடம் போய்விட்டாள்.

“ஐஸ்காரன் சைக்கிள் பாருல நானு. ஈரச் சேல ஒரு பக்கம், ஐஸ் பெட்டி ஒரு பக்கம். எனக்குப் பல்லு தந்தியடிக்குது. பின்னால ஊருப் பிள்ளைக பூராம், ‘ஐஸு, பாலு ஐஸு’ன்னு ஓடியாறாக. ஒரு பய என்னையப் பாத்து, ‘இந்த ஆத்தா எவ்வளவு’ங்கிறான்!”

ஜீப்பு குலுங்கியது. கருப்பையா சிரித்த சிரிப்பில் ஒரு வளைவை அகலமாக எடுத்துவிட்டு, “அக்கா, கொன்னுபுடாத, கீழ பள்ளம்” என்று கெஞ்சினார். புலியூத்தில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, கேட்காதவர்களுக்காக ஐஸ் பகுதியை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்.

எட்டு மணிக்குப் போடிமெட்டு. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை. தேநீர் முப்பது காசு. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கடைக்காரர் மலையாளி. எங்கள் கூட்டம் சிரிப்பதைப் பார்த்து, “எந்தா சேச்சி, ஞங்களோடும் பறயூ” என்று தனக்கும் சொல்லச் சொன்னார். அக்கா மறுபடியும் ஆரம்பித்தாள். இந்தத் தடவை பாதியில் கருப்பையா கேட்டார்: “எல்லாஞ் சரிக்கா, நீ எதுக்குத்தான் ஓடுன?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் சிரிக்கத் தயாராக இருந்தன.

“எதுக்கா? வெளக்குமாத்தால நாலு சாத்தத்தான்!”

“ஆத்துக்குள்ள வெளக்குமாறு ஏதுக்கா?” என்றாள் முத்துப்பேச்சி.

“ஐஸ்காரன் பெட்டியில சொருகியிருந்தான்டி. வெல பேசிக்கிட்டே போனேன்!”

கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் பாலைச் சிந்தினார். நான் அக்காவைத் தனியே இழுத்து, “விளக்குமாறு எங்கேயிருந்து வந்தது?” என்று பல்லைக் கடித்தேன்.

“சும்மா இருடி. இது வழிக்கதை. அங்க போயி ஒழுங்காச் சொல்றேன்.”

பூப்பாறைச் சாலையில் சிறிது தூரம் போய், ஜீப்பு மண் பாதையில் திரும்பியது. வானம் தெரியாத அளவுக்குப் பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் ஆள் உயரத்துக்கு ஏலச்செடி. காய் மேலே தொங்கும் என்று நினைத்திருந்தேன். அது செடியின் காலடியில், தரையை ஒட்டி ஓடும் சரத்தில் காய்க்கிறது. பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்கிறார்கள். பத்து மணிக்குத் தொழிலாளர் குடியிருப்பில் இறங்கினோம். தகரக் கூரை போட்ட ஒரே வரிசை வீடுகள், நான்காவது வீடு ராணியுடையது.

ராணி வாசலுக்கு வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. “வாங்க சித்தி” என்றாள் என்னிடம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த தூக்குவாளிகளை வாங்கிக்கொண்டாள். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்தோணி எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தான். நல்ல பையன். “அத்தை, கால்ல ஊத்திக்கங்க, குளிரு” என்றான். அக்கா தலை நிமிராமல், “இருக்கட்டும் மாப்ளே” என்றாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வந்த ‘மாப்ளே’ அது. ராணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா புளிச்சோற்றைப் பிசைந்து ராணி வாயில் வைத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். மூன்று கவளம் ஆனதும் அக்கா என்னைப் பார்த்தாள். இதோ சொல்லப்போகிறாள் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. முத்துப்பேச்சி பத்துப் பதினைந்து பெண்களோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து காட்டுக்குள் அந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். “ராசம்மாக்கா, அந்த ஐஸ் கதையச் சொல்லு. ராணியும் கேக்கட்டும்!”

அக்கா மகளைப் பார்த்தாள். ராணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “சொல்லும்மா” என்றாள். அம்மாவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு, சின்ன வயதில் செய்தது போலவே, தானே ‘ம்’ கொட்ட ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு இவ வீட்ட விட்டு எறங்கிட்டா.”

“ம்.”

“நான் நேரா ஆத்துக்குப் போனேன்.”

“ம்.”

“முங்குனேன். ரெண்டு முங்கு. மூணாவது முங்குல...”

ராணி ‘ம்’ கொட்டவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றவர்களும் அசையவில்லை. தகரத்தில் மரத்து இலை உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது. ‘சொல்லுக்கா, சொல்லு’ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அக்காவின் கண் மகளிடமிருந்து வாசலுக்குப் போனது. வாசலில் சத்தம் அடங்கியிருந்தது. அவள் தாவிவிட்டாள்.

ஐஸ்காரன் வந்தான். பிள்ளைகள் வந்தார்கள். “இந்த ஆத்தா எவ்வளவு” வந்தது. வாசலே அதிர்ந்தது. விளக்குமாறும் வந்தது. ராணியும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப அடிக்கத்தான் ஓடியாந்தியாம்மா?”

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கதை சொல்பவளுக்கு அந்த வேகத்தில் நாக்குதான் முன்னால் ஓடுகிறது. அக்கா, “பெறகு? கொஞ்சவா?” என்றாள்.

அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு.

ராணி சிரித்து முடித்தாள். “நல்லாருக்கும்மா கதை” என்று சொல்லிவிட்டு எழுந்து, தூக்குவாளிகளைக் கழுவக் கொண்டுபோனாள்.

‘அவள் சொன்னது பொய், ராணி. மூக்கில் தண்ணீர் ஏறியதும் உன்னை நினைத்து ஓடினாள்’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுத்தவள் கதைக்கு வால் ஒட்டக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம். பேசுகிறவர்களுக்கு நடுவே வாயைத் திறக்கக் கூடாது என்று பதினோரு வருஷமாக எக்ஸ்சேஞ்சில் பழகிய பழக்கம் ஒரு பக்கம். அக்காவே சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அக்கா வாசலில் நின்றவர்களுக்கு வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கே இரண்டு தடவை கொடுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

கழுவிய வாளிகளோடு ராணி திரும்பி வந்தாள். எல்லாவற்றையும் துடைத்து, மூடி, அம்மாவின் பக்கத்தில் வைத்தாள். “பிரசவத்த இங்கேயே பாத்துக்கிறோம்மா. பக்கத்துல சேச்சிக நல்லாப் பாப்பாக. நீ அலையாத” என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டாவது கூட்டி வந்திருக்கலாம்.

இரண்டரை மணிக்குக் கருப்பையா ஹாரன் அடித்தார். மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் வளைவுகளில் கண் தெரியாதாம். அந்தோணி ஜீப்பு வரை வழியனுப்ப வந்தான். எங்களை ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, நீங்க வர்ற சேதி கேட்டு நேத்தே துணிமணியெல்லாம் பையில எடுத்து வச்சிட்டா. எனக்கு ஒரு மாசத்துக்கு ஊறுகா கூடப் போட்டு வச்சுருக்கா. என்னாச்சுன்னே தெரியல” என்றான்.

நான் இறங்கப் போனேன். “அக்கா, எழுந்திரு. போய் ஒழுங்காகச் சொல்லிவிட்டு வருவோம். நான் சொல்கிறேன்.”

அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“வேணாம்டி. இப்பப் போயி என்ன சொன்னாலும், அதையும் நான் இட்டுக்கட்டுனதாத்தான் நெனைப்பா. ரெண்டு கதை சொன்னவ சொல்ல எவ நம்புவா?”

இறங்கும் வழியெல்லாம் மஞ்சு. பதினேழு வளைவுகளிலும் யாரும் “யாத்தே” சொல்லவில்லை. கருப்பையா ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, பிறகு ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடி பஸ் நிலையம். மதுரை பஸ்சு இன்னும் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில், மடியில் தூங்குகிற கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரியாம். அக்காவின் வாளிகளைப் பார்த்து, “கட்டுச்சோறு கொண்டு போயிட்டு வர்றீகளா ஆத்தா? மக எங்க?” என்று கேட்டாள்.

அக்கா பஸ்கள் வந்து நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இடத்தைக் காட்டினாள்.

“ஒரு நா, அந்தா, அந்த எடத்துல நான் ஈரச் சேலையோட நின்னேன் தாயி. பஸ்சு போயிருச்சு. நின்னிருந்தா ஏறியிருப்பேன்.”

அங்கிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு போனாள். ஐஸ்காரன் வந்தான், ஆனால் ஒரே வரியில் போய்விட்டான். விளக்குமாறு வரவேயில்லை. மூன்றாவது முங்கு வந்தது. மூக்கில் தண்ணீர் ஏறியது. அக்கா, தூங்குகிற அந்தக் குழந்தையின் நெற்றியில் தன் கையைக் குறுக்கே வைத்து, “இப்படி அணைகட்டிப் பிடிச்சுக்குவேன்” என்றாள். அந்தப் பெண் ‘ம்’ கொட்டவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியை அக்கா தாண்டிக் குதிக்கவும் இல்லை.

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “இத அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னீகளா ஆத்தா?”

“சொன்னேன்” என்றாள் அக்கா. “எல்லாரும் சிரிச்சாக.”

பஸ்சு வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்கா கையை ஆட்டவில்லை. அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆண்டிபட்டி வரைக்கும் எனக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை. பங்குனியில் ராணிக்கு மலையிலேயே குழந்தை பிறந்தது, பெண் குழந்தை. தலைக்கு ஊற்றியது பக்கத்து வீட்டுச் சேச்சி.

போடியிலிருந்து திரும்பிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்தேன். வெளியூர் கால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம். முடிந்ததும், நேரத்தை நீட்ட வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டியது என் வேலை. அந்த ஒரு கேள்விக்காக மட்டும் குறுக்கே பேச எங்களுக்கு அனுமதி உண்டு. முதல் காலே சென்னைக்கு. ஒரு தாய் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தது. நான் ஸ்விட்ச்போர்டுச் சாவியைத் தட்டி, “மூன்று நிமிஷம் ஆச்சும்மா. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?” என்று கேட்டேன்.